ஈரப்பதம் பார்த்து விற்கும் ஊரில் கார் வாங்குவது

1970இல் ஜார்ஜ் அக்கர்லாஃப் என்ற இளம் அமெரிக்கப் பொருளியலாளர் பழைய கார்ச் சந்தையைப் பற்றி ஒரு சிறிய கட்டுரை வெளியிட்டார். மூன்று ஆய்விதழ்கள் திருப்பி அனுப்பிய பிறகு நான்காவது இதழ் அதை ஏற்றுக்கொண்டது. வண்டியின் குறை விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. அதனால் வாங்குபவர் எந்த வண்டிக்கும் சராசரி விலைக்கு மேல் தரத் துணியமாட்டார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்க மனமில்லாமல் ஒதுங்கிவிடுவார். கடைசியில் சந்தையில் மிஞ்சுவது மோசமான வண்டிகள்தான். கட்டுரையின் சாரம் இவ்வளவே. 2001இல் அவர் பெற்ற நோபல் பரிசுக்கு இந்தச் சிந்தனையே அடிப்படை. அதே கட்டுரையில் நம் ஊர் அரிசியும் வருகிறது. கடைத்தெருவில் வாங்கிய அரிசியில், அரிசியின் நிறத்திலும் வடிவத்திலும் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லை இந்தியக் குடும்பப் பெண்கள் பொறுக்கி எடுப்பதை அவர் உதாரணமாகச் சொல்கிறார். 1967-68இல் டெல்லியில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தில் பணியாற்றியவர் அவர்.

காவிரிப் படுகை விவசாயி இந்த விவகாரத்தில் விற்பவர் பக்கம் நின்று பழகியவர். குறுவையோ சம்பாவோ அறுத்து நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் குவித்ததும், அவருடைய நெல்லுக்கு முதல் சோதனை ஈரப்பதமானிதான். 17 சதவீதத்தைத் தாண்டினால் மறுபடி காயப்போட வேண்டும். சன்ன ரகமா பொது ரகமா என்று பார்த்து, 40 கிலோ சிப்பமாக எடை போடுகிறார்கள். 2025 செப்டம்பரில் தொடங்கிய பருவத்துக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்த்து குவிண்டாலுக்குச் சன்ன ரகம் 2,545 ரூபாய், பொது ரகம் 2,500 ரூபாய். மூட்டைக்கு இவ்வளவு என்று கைநீட்டி வாங்கும் கொடுமையை எதிர்த்து விவசாயிகள் ஆண்டுதோறும் குரல் கொடுக்கிறார்கள். அந்தக் குற்றச்சாட்டைச் சிறியது என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் விலை ஊருக்குத் தெரிந்த விலை. திருவையாற்றிலும் மன்னார்குடியிலும் வேதாரண்யத்திலும் ஒரே விலை. மானியில் ஓடும் எண்ணை இரண்டு தரப்பும் கண்ணால் பார்க்கலாம், சண்டை போட்டு இன்னொரு முறை அளக்கச் சொல்லலாம்.

அந்தப் பணம் வங்கிக் கணக்கில் ஏறிய பிறகு, அதே மனிதர் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ ஒரு கார் ஷோரூமுக்குள் போகும்போது எந்த மானியும் கிடையாது. மருமகனுக்கோ, சிங்கப்பூரிலிருந்து தம்பி அனுப்பிய பணத்திலோ, வீட்டின் முதல் காரை வாங்க வந்திருப்பார். பல் பார்த்து மாடு பிடித்தவர், பானட்டைத் திறந்து பார்த்து என்ன கண்டுகொள்ள முடியும்? ஆனால் புதுக் கார் விஷயத்தில் அவர் இன்ஜினைப் பற்றிக் கவலைப்படத் தேவையே இல்லை. அங்கே நடக்கும் ஏமாற்றில் பெரும்பங்கு காகிதத்தில்தான் நடக்கிறது. காகிதத்தைப் படிக்க மெக்கானிக் வேண்டாம். கொஞ்சம் நேரமும், கூச்சப்படாமல் கேட்கும் வாயும் போதும். அந்த இரண்டையும் வாங்குபவரிடமிருந்து பறிப்பதில்தான் விற்பனையாளரின் திறமை முழுவதும் செலவாகிறது.

முதலில் ஆன்ரோடு விலை. எக்ஸ் ஷோரூம் விலையோடு சாலை வரி, காப்பீடு, ஃபாஸ்டேக், பதிவுக் கட்டணம், துணைப்பொருள்கள் எல்லாம் சேர்ந்து வரும் மொத்தத் தொகை அது. பெரும்பாலான ஷோரூம்களில் ஒரு துண்டுத் தாளில், பேனாவால், கடைசி எண்ணைச் சுழித்துத்தான் காட்டுவார்கள். அந்த எண்ணுக்குள் அரசு கேட்கும் தொகை எது, கம்பெனி கேட்பது எது, கடைக்காரர் தன் விருப்பத்துக்குச் சேர்த்தது எது என்று பிரித்துக் கேட்டால்தான் பேரம் என்ற ஒன்றே தொடங்குகிறது. 'ஹேண்ட்லிங் சார்ஜ்', 'லாஜிஸ்டிக்ஸ்', 'எசென்ஷியல் கிட்' என்று வரும் வரிகளை எந்தச் சட்டமும் வாங்குபவர் மேல் சுமத்தவில்லை. வண்டியைத் தன் கிடங்கிலிருந்து தன் கடைக்குக் கொண்டுவரும் செலவு விற்பவருடையது. மிதியடியும் சீட் கவரும் தேவையானால் வாங்கலாம், ஆனால் அது கட்டாயம் என்று யாராவது சொன்னால் அது பொய்.

இந்த மொத்த எண்ணின் மறைவில் நடக்கும் ஒரு காரியத்தை மட்டும் நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒருவர் 9,90,000 ரூபாய் விலையுள்ள வண்டியை மனத்தில் வைத்துக்கொண்டு வருகிறார். "அண்ணே, இதுக்கு மேல் மாடல் பத்து லட்சத்துப் பத்தாயிரம்தான். இருபதாயிரம்தானே வித்தியாசம், டியூல போட்டா தெரியவே தெரியாது" என்கிறார் விற்பனையாளர். சொன்னதில் ஒரு எண்கூடத் தவறில்லை. ஆனால் தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் மாற்றிய விகிதப்படி, 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு வாழ்நாள் வரி 13 சதவீதம். 10 லட்சத்தைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். முதல் வண்டிக்கு வரி 1,28,700 ரூபாய். இரண்டாவதுக்கு 1,81,800. வரியில் மட்டும் 53,100 ரூபாய் ஏறிவிட்டது. இருபதாயிரம் என்று சொன்ன வித்தியாசம் 73,100 ஆகிறது. பொது ரக நெல்லில் சொன்னால் 29 குவிண்டால், அதாவது 40 கிலோ சிப்பம் எழுபத்துமூன்று.

அதோடு முடியவில்லை. 2016 ஜூன் முதல், 10 லட்சத்துக்கு மேற்பட்ட காரை விற்கும்போது விற்பவர் ஒரு சதவீதத்தை வருமான வரியாக முன்கூட்டியே வசூலித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இந்தக் காருக்கு 10,100 ரூபாய். இது செலவே இல்லை. வாங்கியவரின் பான் எண்ணில் வரவாக ஏறும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்தால் கழித்துக்கொள்ளலாம், வரி இல்லாதவருக்குத் திரும்பவே வந்துவிடும். ஆனால் விவசாய வருமானத்துக்கு மத்திய வருமான வரி இல்லை என்பதால், நம் பகுதியில் பலர் கணக்கே தாக்கல் செய்வதில்லை. அவர்களிடம் இந்தப் பணம் திரும்ப வரும் என்று யாரும் சொல்வதும் இல்லை. கொட்டேஷனில் அது இன்னொரு வரி போலக் கிடக்கிறது. சட்டப்படி கிடைக்க வேண்டிய பணம் சொல்லாமல் விட்டதால் போவதை நான் ஏமாற்று என்றே சொல்வேன்.

அடுத்தது காப்பீடு. "எங்ககிட்டயே இன்சூரன்ஸ் எடுத்தாத்தான் டெலிவரி" என்ற வாசகத்தைக் கேட்காதவர் குறைவு. இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டு ஆணையம் வாகன விற்பனையாளர்களுக்கென்று வகுத்த வழிகாட்டுதல்கள் 2017 நவம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ளன. தன்னிடமே காப்பீடு எடுக்க வேண்டும் என்று வாடிக்கையாளரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று அவை சொல்கின்றன. உச்ச நீதிமன்ற உத்தரவைத் தொடர்ந்து 2018 செப்டம்பர் முதல் புதுக் காருக்கு மூன்றாண்டு மூன்றாம் தரப்புக் காப்பீடு கட்டாயம். அந்தக் கட்டணத்தை அரசு நிர்ணயிக்கிறது, எந்த நிறுவனத்திலும் அதே தொகைதான். 2022 ஜூனில் வந்த அட்டவணைப்படி 1,000 முதல் 1,500 சிசி வரையிலான காருக்கு வரி நீங்கலாக 10,640 ரூபாய். வேறுபடுவது சொந்தச் சேதத்துக்கான பகுதியும் அதன் மேல் ஏற்றும் கூடுதல் பாதுகாப்புகளும்தான். சொந்தச் சேதத்துக்கு ஒரு வருடப் பாலிசி போதும்.

கூடுதல் பாதுகாப்பு எல்லாமே வீண் என்று நான் சொல்லமாட்டேன். வடகிழக்குப் பருவமழையில் வெண்ணாற்றங்கரையும் கொள்ளிடக்கரையும் என்ன ஆகும் என்று தெரிந்தவர்கள் இன்ஜின் பாதுகாப்பை வேண்டாம் என்று தள்ளிவிடக் கூடாது. தண்ணீருக்குள் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து இன்ஜினுக்குள் நீர் புகுந்தால், சாதாரணப் பாலிசியில் அந்தச் செலவைக் கேட்டு வாங்குவது பெரும்பாடு. சாவி தொலைந்தால் இழப்பீடு, தனிப்பட்ட உடைமைகளுக்கு இழப்பீடு என்று வருபவை தேவையா என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். வெளியே இரண்டு நிறுவனங்களிடம் அதே காப்பீட்டு மதிப்புக்கு, அதே கூடுதல் பாதுகாப்புகளுக்கு விலை கேட்டுக் கையில் வைத்துக்கொண்டு ஷோரூமில் பேசினால், அங்கேயே தொகை இறங்குவதைப் பார்க்கலாம்.

கடன்தான் இவை எல்லாவற்றிலும் கொடியது. தஞ்சாவூர் மாவட்டம் அதை நேரில் பார்த்திருக்கிறது. 2016 மார்ச்சில் ஒரத்தநாடு அருகே சோழகன்குடிக்காட்டில், டிராக்டருக்கு ஒரு தனியார் வங்கியில் கடன் வாங்கிய விவசாயியைப் போலீசார் வயலோரத்தில் அடித்து இழுத்துச் சென்ற காட்சி கைப்பேசியில் பதிவாகி நாடு முழுவதும் பரவியது. 2011இல் வாங்கிய கடன் அது. வாங்கிய தொகைக்கு மேலேயே கட்டிவிட்டேன் என்று அவர் சொன்னார். அதே மாதம் அரியலூர் மாவட்டத்தில் டிராக்டர் பறிமுதல் செய்யப்பட்ட ஒரு விவசாயி தற்கொலை செய்துகொண்டார். கடன் வசூலுக்கு அடியாட்களை ஏவக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007இலேயே கண்டித்திருந்தது. இந்த இரண்டு சம்பவங்களையும் வசூல் கொடுமையாக மட்டுமே நாம் பேசி முடித்துவிட்டோம். வசூல் நாளில் வெடிக்கிற பிரச்சினைக்கு விதை, கடன் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் விழுகிறது. கட்டியது எவ்வளவு, பாக்கி எவ்வளவு என்பதில் கடன்காரருக்கும் கடன் கொடுத்தவருக்கும் இரண்டு வேறு கணக்குகள் இருப்பது எப்படி என்று நாம் கேட்கவில்லை.

அந்தக் கணக்கு இப்படி உருவாகிறது. 6 லட்சம் ரூபாய் கடன், ஐந்து வருடம், 'ஏழு பர்சென்ட்தான் சார்' என்கிறார்கள். அது நிலை வட்டி. முழு 6 லட்சத்துக்கும் ஐந்து வருடமும் 7 சதவீதம் போட்டால் வட்டி 2,10,000. மாதத் தவணை 13,500 ரூபாய். ஆனால் மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வருகிறதே? கடைசி வருடத்தில் கையில் இருப்பது ஒரு லட்சத்துச் சொச்சம்தான், அதற்கும் 6 லட்சத்துக்கான வட்டியைக் கட்டுகிறோம். குறையும் அசலுக்குக் கணக்கிட்டால் இதன் உண்மையான வட்டி ஏறக்குறைய பன்னிரண்டரை சதவீதம். பக்கத்து வங்கி 'ஒன்பது சதவீதம், குறையும் அசலுக்கு' என்றால் தவணை சுமார் 12,455 ரூபாய். ஏழு ஒன்பதைவிடச் சிறியதாகத் தெரிகிறது, ஐந்து வருடத்தில் 62,000 ரூபாய்க்கு மேல் அதிகம் பிடுங்குகிறது. 'மாசம் எவ்வளவு கட்ட முடியும்?' என்று விற்பனையாளர் முதல் கேள்வியாகக் கேட்பது கரிசனத்தால் அல்ல. தவணையைச் சொல்லிவிட்டால், காலத்தை நீட்டி எந்த விலையையும் அந்தத் தவணைக்குள் அடக்கிவிடலாம்.

இதற்கு ஒரு நல்ல ஆயுதம் அண்மையில் கிடைத்திருக்கிறது. 2024 அக்டோபர் 1 முதல், தனிநபர்களுக்கான கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வகுத்த வடிவத்தில் முக்கிய விவர அறிக்கை ஒன்றை வங்கியும் நிதி நிறுவனமும் தர வேண்டும். கட்டணங்கள் எல்லாம் சேர்த்த ஆண்டு வட்டி விகிதம் அதில் ஒரே எண்ணாக இருக்கும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி; தமிழில் கேட்கலாம், கேட்க வேண்டும். அதில் குறிப்பிடாத கட்டணத்தை, வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்க முடியாது. ஷோரூம் மேசையில் உட்கார்ந்திருக்கும் ஃபைனான்ஸ் ஆள் இருபது இடத்தில் பெருக்கல் குறி போட்டுக் கையெழுத்துக் கேட்கும்போது, முதலில் அந்த அறிக்கையைக் கேளுங்கள். அதைப் படிக்காமல் பேனாவைத் தொடாதீர்கள்.

கடனைச் சேர்த்துவிட்டதற்காக விற்பனையாளருக்கு நிதி நிறுவனம் தரும் கமிஷன் உலகம் முழுக்க உள்ள நோய். பிரிட்டனில் விற்பனையாளரே வட்டியை உயர்த்தி, உயர்த்திய அளவுக்குக் கமிஷன் பெறும் முறை இருந்தது. அதை அந்நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு 2021 ஜனவரியில் தடை செய்தது. பிறகு வந்த வழக்குகளில் 2025 ஆகஸ்டில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வாங்கியவர்களின் பெரும்பாலான வாதங்களை ஏற்கவில்லை. ஆனால் ஒருவருடைய வழக்கில், கடனுக்காக அவர் கட்டிய மொத்தச் செலவில் 55 சதவீதம் கமிஷனாகவே போயிருந்ததையும் அது அவரிடம் மறைக்கப்பட்டதையும் பார்த்து, அந்தக் கடன் உறவே நியாயமற்றது என்று தீர்ப்பளித்தது. நம் ஊரில் இந்தக் கமிஷன் எவ்வளவு என்று கேட்டால் சிரிப்பார்கள். கேட்பது தவறில்லை. கடனை ஷோரூமில் முடிவு செய்யாமல், நமக்குக் கணக்கு இருக்கும் வங்கியிலோ கூட்டுறவு வங்கியிலோ முன்னதாகவே விகிதம் கேட்டு வைத்துக்கொண்டு போவது அதைவிடப் பயன்.

டெலிவரி நாளுக்கு வருகிறேன். நம் வீடுகளில் வண்டி எடுக்கும் நேரம் குறித்த நேரம். ராகு காலத்துக்கு முன் மாலை போட்டு, சக்கரத்தின் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நகர்த்தியாக வேண்டும். பெரியவர்கள் வேனில் வந்திருப்பார்கள், கோயிலுக்குப் போக வேண்டும். கடைசித் தாள்கள் எல்லாம் அந்த அரை மணி நேரத்தில்தான் மேசைக்கு வருகின்றன. பேசாத ஒரு 'எக்ஸ்டெண்டட் வாரண்டி'யும் ஒரு 'பாடி கோட்டிங்'கும் பில்லில் முளைத்திருக்கும். நல்ல நேரம் போய்விடும் என்று பெரியவரே "குடுத்துட்டு வாடா" என்பார். நல்ல நேரம் பார்ப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. கணக்கை முந்தின நாளே முடித்துவிட்டு, நல்ல நேரத்தில் சாவியை மட்டும் வாங்க வேண்டும் என்பதே நான் சொல்வது.

முந்தின நாள் பார்க்க வேண்டியவற்றில் முதன்மையானது, வண்டி எப்போது தயாரானது என்பது. கோவாவில் ஒருவர் 2011 மாடல் கார் என்று பணம் கட்டினார். அவருக்கு வந்தது 2009இல் தயாரான, 622 கிலோமீட்டர் ஏற்கெனவே ஓடிய வண்டி. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 2021 பிப்ரவரியில் முடிந்தது. பொறுப்பு விற்பனையாளருடையது. தயாரித்த டாடா மோட்டார்ஸுக்குத் தெரிந்து நடந்தது என்று நிரூபிக்கப்படாத நிலையில் கம்பெனியை அதில் சேர்க்க முடியாது என்பது தீர்ப்பு. அதாவது பெரிய கம்பெனிப் பெயரை நம்பிச் சிறிய தாளைப் பார்க்காமல் விடுவதற்கு இடமே இல்லை. விற்பனைச் சான்றான படிவம் 21இல் சேஸிஸ் எண், இன்ஜின் எண்ணோடு தயாரித்த மாதமும் ஆண்டும் எழுதப்பட்டிருக்கும். அந்த சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட வேண்டும். மார்கழி பிறந்து ஆங்கில வருடக் கடைசியில் கிடைக்கும் தள்ளுபடி பெரும்பாலும் அந்த ஆண்டு வண்டியை அந்த ஆண்டுக்குள் தள்ளிவிடுவதற்கானது. தெரிந்தே வாங்கினால் நல்ல பேரம், தெரியாமல் வாங்கினால் விற்கும்போது அடி. முன்பணத்தை ஷோரூமின் வங்கிக் கணக்கில் மட்டுமே கட்ட வேண்டும். விற்பனையாளரின் சொந்த கைப்பேசி எண்ணுக்கு அனுப்பிய பணத்துக்கு ரசீது கேட்டு அலைய நேரிடும்.

படுகைக்கே உரிய ஒரு ஆசை வார்த்தையும் உண்டு. நாகப்பட்டினத்தையும் மயிலாடுதுறையையும் ஒட்டியிருக்கும் காரைக்கால், புதுச்சேரி ஒன்றியப் பகுதி. அங்கே வாகன வரி குறைவு. 'பிஒய் நம்பர் போட்டுக்கலாம் சார், அட்ரஸ் நாங்க பார்த்துக்கறோம்' என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 2017இல் கேரளத்தில் சில திரை நட்சத்திரங்களின் சொகுசுக் கார்கள் புதுச்சேரி முகவரியில் பதிவானது வழக்காகி எல்லோருக்கும் தெரிந்தது. குடியிருப்போ தொழிலோ இருக்கும் இடத்தில்தான் வண்டியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டம். பொய் முகவரியில் கையெழுத்துப் போடுபவர் வாங்குபவர், முகவரி தேடிக் கொடுத்தவர் எங்கும் இருக்கமாட்டார். டிஎன் 49 என்றோ டிஎன் 68 என்றோ போட்டுக்கொண்டு நிம்மதியாக ஓட்டுவது மேல்.

பேரம் பேசினால் "கம்பெனி விடமாட்டேங்குது சார்" என்று கையை விரிப்பார்கள். சில சமயம் அது உண்மை. மாருதி சுசூகி தன் விற்பனையாளர்கள் குறிப்பிட்ட அளவுக்கு மேல் தள்ளுபடியோ இலவசமோ தரக் கூடாது என்று கட்டுப்படுத்தியதாக, 2021 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 200 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி, யார் கூடுதல் தள்ளுபடி தருகிறார்கள் என்று சோதித்து, மீறியவர்களுக்குத் தண்டம் போட்டதாக ஆணையம் கண்டறிந்தது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. வாங்குபவர் எதிரே நிற்பது ஒரு விற்பனையாளர் மட்டுமல்ல என்பதை இந்த வழக்கு காட்டுகிறது. இலக்கு முடிக்காவிட்டால் ஊக்கத்தொகை போய்விடும் என்ற பயத்தில் நிற்கும் அந்தப் பையனும் நம் ஊர்ப் பையன்தான், மேலே இருந்து இறங்கும் அழுத்தத்தை அவன் நம் மேல் இறக்குகிறான்.

விலை வாயில் இருக்கும் வரை, ஆளைப் பார்த்துத்தான் விலை சொல்வார்கள். 1990களில் வெளியான ஆய்வுக்காகச் சிகாகோவில் இயன் அயர்ஸ் என்ற சட்ட அறிஞர் ஒரே வசனத்தை மனப்பாடம் செய்த ஆட்களை ஷோரூம்களுக்கு அனுப்பிப் பார்த்தார். வெள்ளை ஆண்களுக்குக் குறைந்த விலை, பெண்களுக்கும் கறுப்பின மக்களுக்கும் கூடுதல் விலை சொல்லப்பட்டது. வேட்டியும் துண்டுமாக வந்தவருக்கும், தனியாக வந்த பெண்ணுக்கும் இங்கே என்ன விலை சொல்கிறார்கள் என்று யாராவது இப்படிச் சோதித்துப் பார்க்க வேண்டும். அமெரிக்கா 1958இலேயே ஒவ்வொரு புதுக் காரின் கண்ணாடியிலும் விலைச் சீட்டு ஒட்ட வேண்டும் என்று சட்டம் போட்டது. முன்மொழிந்த செனட்டர் மன்ரோனியின் பெயராலேயே அந்தச் சீட்டை இன்றும் அழைக்கிறார்கள். காவிரி கடலில் கலக்கும் பூம்புகாரின் வணிகர்கள் விலையை மறைக்காமல் சொல்லி விற்றவர்கள் என்று பட்டினப்பாலை போற்றுகிறது. கொள்முதல் நிலையத்தில் என் நெல்லின் தரத்தையும் விலையையும் விதியாக்கத் தெரிந்த அரசு, ஷோரூம் வாசலில் ஒவ்வொரு மாடலுக்கும் எக்ஸ் ஷோரூம், வரி, கட்டாயக் காப்பீடு மூன்றையும் பிரித்துத் தமிழில் பலகை வைக்கச் சொல்வதற்கு என்ன தடை? தனி மனிதரின் சாமர்த்தியத்தை நம்பி இதை விடக் கூடாது என்று நான் உறுதியாக நினைக்கிறேன். சாமர்த்தியம் இல்லாதவருக்கும் சரியான விலை கிடைக்க வேண்டும்.

பழைய காருக்கு வந்தால் அக்கர்லாஃப் சொன்ன இருட்டு முழுதாக வந்துவிடுகிறது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. முழுச் சேதம் என்று காப்பீட்டு நிறுவனம் கணக்கை முடித்த வண்டி ஏலத்துக்குப் போகிறது. துடைத்து, மெருகேற்றி, 'டாக்டர் வெச்சிருந்த வண்டி, சிங்கிள் ஓனர்' என்று மறுபடி வருகிறது. அமெரிக்காவின் பல மாநிலங்களில் அப்படிப்பட்ட வண்டியின் உரிமைப் பத்திரத்திலேயே முத்திரை விழும். நம் ஆர்சி புத்தகம் அதைப் பற்றிப் பேசாது.

வண்டி பேசும். ஓட்டுநர் சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். வழக்கமாக உள்ளே சுருண்டே கிடக்கும் கடைசி அடியில் சேற்றுக் கறை ஒரு கோடாக நின்றிருந்தால், தண்ணீர் எந்த மட்டம் வரை ஏறியது என்று தெரிந்துவிடும். ஸ்டெப்னி கிடக்கும் குழியின் மூலையை விரலால் தடவினால் வண்டல் ஒட்டும். சீட்டின் அடித் தண்டவாள போல்ட்டுகளில் துரு, தரைவிரிப்பைத் தூக்கினால் ஒரு முடை நாற்றம், முகப்பு விளக்குக்குள் ஈரம் பூத்த மங்கல். கிலோமீட்டரைக் கருவி மாட்டித் திருப்பிவிடலாம், ஆனால் டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் இருக்கிறது. 2319 என்றால் 2019ஆம் ஆண்டு 23ஆம் வாரம் தயாரானது. 2018 வண்டி, 28,000 கிலோமீட்டர்தான் ஓடியது என்று சொல்பவரிடம், நான்கு டயரும் 2022இல் தயாரானவையாக இருப்பது ஏன் என்று கேட்கலாம். பிரேக் மிதியின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால் இன்னும் கேட்கலாம். கம்பெனி சர்வீஸ் சென்டரில் பதிவான கிலோமீட்டரைக் கேட்டு வாங்கினால் பேச்சுக்கே இடமில்லை.

பெயர் மாற்றத்தை நாளை என்று தள்ளக் கூடாது. படிவம் 29, 30இல் வெறும் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த ஆள் கிடைக்கும் வரை வண்டியைக் கைமாற்றிக்கொண்டே போவது புரோக்கர்கள் வழக்கம். அப்படிப் பல கை மாறிய கார் ஏற்படுத்திய விபத்தில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. விற்பவருக்கும் ஆபத்து அது. 2023 ஏப்ரல் முதல் பழைய வாகன விற்பனையாளர்கள் பதிவு அதிகாரியிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய விதி வந்திருக்கிறது. தன்னிடம் விற்பனைக்கு விட்ட வண்டியை அவர் இணையவழி அறிவிக்க வேண்டும், அதற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும். அந்தச் சான்றைக் காட்டச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. பழைய கடன் முடிந்த வண்டியானால் நிதி நிறுவனத்தின் தடையின்மைச் சான்றும் படிவம் 35உம் கைக்கு வராமல் முழுப் பணத்தைத் தரக் கூடாது.

எல்லாம் பார்த்தும் ஏமாந்தால், தஞ்சாவூரிலேயே மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி, வண்டி சென்னையில் வாங்கியதாக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். கட்டிய தொகை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையத்தின் எல்லை. 5 லட்சம் வரை கட்டணமே இல்லை, 10 லட்சம் வரை 200 ரூபாய், 20 லட்சம் வரை 400 ரூபாய். வாங்கியது டிராக்டரானால், அது தொழிலுக்கு வாங்கியது, அதனால் நீங்கள் நுகர்வோரே அல்ல என்று எதிர்த்தரப்பு வாதாடும். தன் பிழைப்புக்காகத் தானே பயன்படுத்த வாங்கியவர் நுகர்வோர்தான் என்பது சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது; கோவை பிஎஸ்ஜி நிறுவனம் தொடர்பான 1995ஆம் ஆண்டு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் அதை விளக்கிவிட்டது. முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்து, அந்தப் பதிவு எண்ணோடு ஷோரூமுக்குப் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினால், ஆணையம் வரை போகாமலே பல விஷயங்கள் முடிந்துவிடும். முடியாவிட்டால், பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுத்தாக வேண்டும். புகாரோடு இணைக்க வேண்டியவை, முதல் நாள் கொடுத்த கொட்டேஷன், முன்பண ரசீது, பில், படிவம் 21, காப்பீட்டுப் பாலிசி, கடனின் முக்கிய விவர அறிக்கை. பேனாவால் சுழித்துக் காட்டிய அந்தத் துண்டுத் தாள் இருந்தால் அதையும் சேர்க்கலாம். அதில் தேதி போட்டு விற்பனையாளரின் கையெழுத்து அன்றே வாங்கியிருந்தால் இன்னும் நல்லது.